ஜிம் உடம்பு இருந்தால் கடலுக்கடியில் கவலை இல்லையா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நீளமாக எழுதியிருந்தார். சுருக்கித் தருகிறேன்:

"டாக்டர், எனக்கு 47 வயது. ஐந்து வருடமாக ஓடுகிறேன், நாலு அரை மாரத்தான் முடித்திருக்கிறேன், வாரம் மூன்று நாள் ஜிம். டிசம்பரில் நானும் மனைவியும் அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறோம். முதல் மூன்று நாள் இருவருக்கும் ஸ்கூபா ஓப்பன் வாட்டர் கோர்ஸ் (டேங்க் காற்றோடு கடலுக்கடியில் இறங்கும் அடிப்படைப் பயிற்சி), அடுத்த இரண்டு நாள் எனக்கு மட்டும் நாலு டைவ். ஜனவரியில் சென்னை மாரத்தான் இருப்பதால் ஓட்டத்தை விட முடியாது. காலையில் 10 கிலோமீட்டர் ஓடிவிட்டு டைவ் போகலாமா? மாலையில் ரிசார்ட்டில் கொஞ்சம் வெயிட்ஸ்? கடைசி டைவ் காலை 11 மணிக்கு முடியும், மறுநாள் காலை 7 மணிக்கு விமானம், அது சரியா? என்னைப் பற்றி எனக்குப் பயமில்லை. மனைவிக்கு 43 வயது, உடற்பயிற்சி என்றால் மாலை நடை மட்டும்தான், அவளை நினைத்தால்தான் பயம். அப்பாவுக்கு 49 வயதில் ஹார்ட் அட்டாக் வந்தது, ஆனால் எனக்கு பிபி, சுகர் எதுவும் கிடையாது."

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மனைவியைப் பற்றி நீங்கள் படும் கவலையில் பாதியைத் தயவுசெய்து உங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். கேலி செய்யவில்லை. டைவிங் உடல் தகுதிச் சான்றுக்காக என்னிடம் வருகிறவர்களில், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவர்களோடு எனக்கு அதிக நேரம் ஆவதில்லை, அவர்களுக்குத் தங்கள் நிலை தெரியும். "எனக்கு எல்லாம் ஓகே டாக்டர், சும்மா ஒரு கையெழுத்து" என்று வாட்ச்சில் இதயத் துடிப்பைக் காட்டிக்கொண்டு வரும் ஓட்டக்காரர்களிடம்தான் அரை மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது.

ஓடிப் பழகிய உடம்பு கடலில் உதவாது என்று சொல்ல வரவில்லை, நிறையவே உதவும். ஆனால் அது ஆபத்துக்காக வங்கியில் போட்டுவைத்த பணம் மாதிரி, கையிருப்பாக இருக்கும்வரைதான் உதவும். நீங்கள் போட்டிருக்கும் திட்டத்தில் அதைக் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை எடுத்துச் செலவழித்துக்கொண்டே இருக்கிறீர்கள். அதனால் சுருக்கமான பதில்: டைவ் நாட்களில் காலை ஓட்டம் வேண்டாம், மாலை வெயிட்ஸ் கண்டிப்பாக வேண்டாம், விமான நேரம் சரி. ஏன் என்று தெரிந்துகொள்ள ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது, அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைகிறது, மேலே வரும்போது மெல்ல வெளியேற வேண்டும். வேகமாக வந்தாலோ அளவுக்கு மீறிக் கரைந்திருந்தாலோ குமிழியாகக் கிளம்பும். சோடா பாட்டில் உதாரணத்தை உங்கள் இன்ஸ்ட்ரக்டர் எப்படியும் சொல்வார், நான் சொல்லவில்லை. இந்தக் குமிழிகளால் வரும் நோயைத்தான் டீகம்ப்ரஷன் சிக்னஸ் என்கிறோம், டைவர்கள் வாயில் 'பெண்ட்ஸ்'. மூட்டு வலியில் தொடங்கி, முதுகுத்தண்டைத் தாக்கி இரண்டு காலும் விழுந்துபோவது வரை அதற்குப் பல முகங்கள்.

தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொரு விஷயம், உங்கள் கையில் கட்டப்போகும் டைவ் கம்ப்யூட்டரைப் பற்றி. 1908-ல் ஹால்டேன் என்ற ஆய்வாளர் ஆடுகளை அழுத்த அறையில் (காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மூடிய அறை) வைத்துப் பார்த்து முதல் டைவ் அட்டவணைகளைப் போட்டார், இன்றைய கம்ப்யூட்டர்களின் கணக்கில் பெரும்பகுதி அந்த வழியில் வந்ததுதான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே விஷயம்தான் தெரியும், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம். நீங்கள் கீழே பவளப்பாறை பக்கத்தில் சும்மா மிதந்தீர்களா, நீரோட்டத்தோடு மல்லுக்கட்டினீர்களா, மேலே வந்ததும் டேங்க் தூக்கினீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. திரையில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும்.

சரி, காலை ஓட்டத்துக்கு வருவோம். இங்கே ஒரு வேடிக்கை இருக்கிறது. 2001-ல் நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் விஸ்லோஃப், புரூபாக் என்ற இருவர் எலிகளை டிரெட்மில்லில் ஓடவிட்டு, அப்புறம் அழுத்த அறைக்குள் 'டைவ்' செய்ய வைத்தார்கள். ஓடிய எலிகளுக்குக் குமிழி குறைவாக வந்தது, அவற்றில் பிழைத்தவையும் அதிகம். வாரக்கணக்கில் பழக்க வேண்டியதுகூட இல்லை, டைவுக்கு 20 மணி நேரம் முன்னால் ஒரே ஒரு தடவை நன்றாக ஓடியதே போதுமாக இருந்தது. 2004-ல் குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகரில் டூயிச் குழுவினர் இதை 12 டைவர்களிடம் பார்த்தார்கள். டைவுக்கு 24 மணி நேரம் முன் 40 நிமிடம் விட்டு விட்டுக் கடும் பயிற்சி, மறுநாள் அழுத்த அறையில் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் 80 நிமிடம். பயிற்சி செய்த தடவை ரத்தத்தில் குமிழிகள் குறைந்தன. ரத்தக் குழாய்களின் உட்சுவரில் ஏதோ மாற்றம் நடக்கிறது என்று நினைக்கிறார்கள், நைட்ரிக் ஆக்சைடா வேறு ஏதாவதா என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதைப் படித்ததும் "பார்த்தீங்களா, ஓடினா நல்லதுதானே" என்று ஷூவை மாட்டிவிடாதீர்கள். குமிழி எண்ணிக்கை குறைவதும் நோய் வராமல் இருப்பதும் ஒன்றில்லை. தவிர அது ஆய்வகம், குளிரூட்டிய அறை, மருத்துவர் பக்கத்தில். நீங்கள் ஓடப்போவது அந்தமான் புழுக்கத்தில். 10 கிலோமீட்டர் முடிக்கும்போது பனியன் பிழிந்தால் தண்ணீர் சொட்டும், அந்த வறண்ட உடம்போடு கடலில் இறங்குவீர்கள். இறங்கியதும் கடல் தன் பங்குக்கு உங்களைச் சிறுநீர் கழிக்க வைக்கும். ரத்த ஓட்டம் மந்தமானால் நைட்ரஜன் வெளியேறுவதும் மந்தமாகும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு, யாரும் அதிகம் பேசாதது: வலி. நேற்று தோளுக்கும் இன்று காலை காலுக்கும் பயிற்சி கொடுத்துவிட்டு, மத்தியானம் இரண்டு டைவ் முடித்து, சாயங்காலம் தோள் வலிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஜிம் வலியா, பெண்ட்ஸா? உங்களால் சொல்ல முடியாது. பரிசோதிக்கிற எனக்கே கஷ்டம். மனித மனசு எப்போதும் செலவு குறைந்த பதிலைத்தான் எடுக்கும், "வெயிட் போட்டதுதான், நாளைக்குச் சரியாயிடும்" என்று படுத்துவிடுவீர்கள்.

ஒரு இளைஞர் அப்படித்தான் வந்தார், ஜிம் டிரெய்னர், இருபத்தெட்டு வயது, தூண் மாதிரி உடம்பு. மூன்று நாளில் எட்டு டைவ் செய்தவர், கடைசி டைவ் முடிந்ததும் படகில் இருந்த பத்துப் பன்னிரண்டு டேங்குகளை ஒவ்வொரு கையிலும் ஒன்றாகத் தூக்கிக் கரைக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறார். யாரும் கேட்கவில்லை, உதவி செய்கிற சுபாவம். ராத்திரி வலது தோளில் ஆழமான வலி. தைலம் போட்டார். மறுநாள் விரல் நுனிகளில் மரத்துப்போன உணர்வு. அதற்கும் தைலம். மூன்றாம் நாள்தான் ஆக்சிஜன், அழுத்த அறை எல்லாம். பிழைத்துக்கொண்டார், ஆனால் சுண்டுவிரல் மரப்பு போக மாதக்கணக்கில் ஆனது. அவர் டைவ் பதிவுகளைப் பார்த்தேன், ஒன்றிலும் வரம்பு மீறவில்லை.

டைவுக்குப் பிந்தைய உடற்பயிற்சி ஏன் கெடுதல் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை, இருந்தாலும் உள்ளே நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். வரம்புக்குள் செய்த டைவுக்குப் பிறகும் பலருக்குச் சிரைகளில் சின்னக் குமிழிகள் ஓடுவதை அல்ட்ராசவுண்டில் பார்க்க முடியும். மேலே வந்த முதல் ஓரிரு மணி நேரத்தில் அவை அதிகம். பொதுவாக ஒன்றும் ஆகாது, நுரையீரல் வடிகட்டி மாதிரி அவற்றைப் பிடித்து மூச்சோடு வெளியே அனுப்பிவிடும். ஆனால் கடுமையாக உடலை வருத்தினால் நுரையீரலுக்குள் சாதாரணமாக மூடிக் கிடக்கும் சில குறுக்கு வழிகள் திறந்துகொள்கின்றன, குமிழிகள் வடிகட்டியைத் தாண்டி தமனிப் பக்கம் போய்விடுகின்றன. அங்கிருந்து மூளையும் முதுகுத்தண்டும் தூரமில்லை. இன்னொரு வழியும் இருக்கிறது. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே, கருவில் இருக்கும்போது எல்லோருக்கும் திறந்திருந்து பிறந்த பின் மூடிக்கொள்ளும் சின்னக் கதவு ஒன்று உண்டு, பிஎஃப்ஓ என்பார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது முழுசாக ஒட்டிக்கொள்வதில்லை. அவர்கள் ஆயுசு முழுக்க அது தெரியாமலே வாழலாம். மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, கனமான ஒன்றைத் தூக்கிவிட்டு மூச்சை விடும்போது வலப்பக்க அழுத்தம் ஏறி அந்தக் கதவு ஒரு கணம் திறக்கும். டெட்லிஃப்ட் அடிக்கும்போது நீங்கள் செய்வது இதேதான். பயந்துபோய் எக்கோ எடுக்க ஓட வேண்டாம், காரணமில்லாமல் யாருக்கும் அது தேவையில்லை. டைவ் முடிந்த பின் மூச்சைப் பிடித்துத் தூக்குகிற வேலை எதுவும் செய்யாமல் இருந்தால் போதும்.

டேங்க், எடைக் கட்டிய பெல்ட், மற்ற சாமான் எல்லாம் சேர்ந்தால் 20 கிலோவுக்கு மேல் வரும். டுங்கி எனும் உள்ளூர் மரப்படகில் ஏணி ஏறும்போது அத்தனையும் முதுகில் இருக்க வேண்டும் என்று சட்டமில்லை. டேங்கைத் தாங்கும் மிதவைச் சட்டையான பிசிடியைத் தண்ணீரிலேயே கழற்றிக் கொடுங்கள், மேலே இருக்கிற பையன்கள் இழுத்துக்கொள்வார்கள், அவர்கள் அன்று டைவ் செய்யாதவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆம்பளைத்தனத்தைக் காட்ட வேறு இடமா இல்லை?

டைவுக்கு முன்னும் பின்னும் கடும் பயிற்சிக்கு 24 மணி நேர இடைவெளி என்பது டைவிங் மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஐந்து நாள் தொடர்ந்து டைவ் என்றால் ஐந்து நாளும் ஓட்டம் கிடையாது, கிளம்புகிற முந்தின நாள் வரை ஓடலாம். கடற்கரையில் மெதுவாக நடங்கள், அது நல்லதுதான். கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 20 மணி நேரம் வருகிறது. பல நாள் பல டைவ் செய்தவர்களுக்குக் குறைந்தது 18 மணி நேரம் என்பது பரிந்துரை, அதனால் தப்பு இல்லை. ஆனால் அந்த இடைவெளி நைட்ரஜன் வெளியேறுவதற்காக விட்டது, "சும்மாதானே இருக்கோம்" என்று போர்ட் பிளேர் ஹோட்டல் ஜிம்முக்குள் நுழைவதற்காக அல்ல. ஐந்து நாள் ஓடாவிட்டால் கால் துருப்பிடித்துவிடாது. மாரத்தானுக்கு முன் ஓய்வு கொடுக்கச் சொல்லி உங்கள் கோச்சே சொல்லியிருப்பார்.

இனி தண்ணீருக்கடியில். ஓட்டக்காரர்கள் சறுக்குகிற இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக.

என் முப்பதுகளில், நானும் காலையில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 18 மீட்டரில் நீரோட்டம் எதிராக வந்தது. படகின் நங்கூரக் கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, ஐம்பது மீட்டர்கூட இருக்காது. கால் பலமாக இருக்கிறதே, அடித்துப் போய்விடலாம் என்று காலில் மாட்டிய ஃபின்னை வேகமாக அடித்தேன். ஒரு நிமிடம் நன்றாகப் போனேன். அப்புறம், டேங்க் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேட்டர் காற்று தர மறுப்பது போல இருந்தது. இழுக்க இழுக்கப் போதவில்லை. ரெகுலேட்டர் பழுதாகிவிட்டது என்றே நம்பினேன், வாயிலிருந்து அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேலே பறக்க வேண்டும் என்று கை துடித்தது. அப்படிப் பறந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். என் டைவ் பார்ட்னர் என் தோளை அழுத்திப் பக்கத்துப் பாறையைப் பிடிக்க வைத்தார். அசையாமல் நின்று, நீளமாக மூச்சை வெளியே விட்டு, மறுபடி விட்டு, இரண்டு நிமிடத்தில் சரியானது. ரெகுலேட்டரில் ஒரு பழுதும் இல்லை.

நடந்தது என்னவென்றால், 18 மீட்டரில் நீங்கள் இழுக்கும் காற்றின் அடர்த்தி மேலே இருப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. பாயசத்தை ஸ்ட்ராவில் உறிஞ்சுவது மாதிரி, குழாய் அதேதான், உள்ளே ஓடுவது கெட்டியாகிவிட்டது. 30 மீட்டரில் ஒருவர் அதிகபட்சம் இழுத்துவிடக்கூடிய காற்றின் அளவு தரையில் முடிவதில் பாதிதான். இதில் முக்கியமானது, ஓட்டப் பயிற்சி இதயத்தை வளர்க்கும், கால் தசையை வளர்க்கும், மூச்சுக் குழாயின் விட்டத்தை ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டாது. அதனால் பயிற்சியில்லாத ஆளுக்குக் கால்தான் முதலில் ஓயும், நின்றுவிடுவார், தப்பித்தார். உங்கள் கால் ஓயாது. நுரையீரல் வெளியேற்ற முடிகிற அளவைவிட அதிகமாக கார்பன் டை ஆக்சைடை அது தயாரித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் அது ஏற ஏற வருவதுதான் அந்தத் திணறலும் பீதியும்.

தண்ணீரின் கணக்கும் தரையின் கணக்கு இல்லை. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் தேவைப்படும் சக்தி ஏறக்குறைய எட்டு மடங்கு. ஒரு நாட் வேக நீரோட்டம் என்றால் நிமிடத்துக்கு 30 மீட்டர், நடக்கும் வேகத்தில் பாதிகூட இல்லை, ஆனால் முழுச் சாமானோடு அதை எதிர்த்து நின்று நீந்த யாராலும் அதிக நேரம் முடியாது. மாரத்தான் ஓடுகிறவராலும் முடியாது.

காற்றின் கணக்கையும் பார்த்துவிடுங்கள். 12 லிட்டர் டேங்க், 200 பார் அழுத்தம், கடைசி 50 பாரைத் தொடக் கூடாது. மிச்சம் 1800 லிட்டர். அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 18 மீட்டரில் 42 லிட்டர் ஆகிறது, 40 நிமிடத்துக்கு மேல் வரும். மூச்சு வாங்க நீந்தினால் நிமிடத்துக்கு 60 லிட்டர், அந்த ஆழத்தில் 168, பதினோரு நிமிடம்கூட வராது. டைவர்களின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு 1992 முதல் 2003 வரையிலான 947 ஸ்கூபா மரணங்களை அலசி 2008-ல் வெளியிட்டபோது, விபத்தைத் தொடங்கிவைத்த காரணங்களில் முதலிடம் காற்று போதாமல் போனதற்குத்தான், 41 சதவீதம். கீழே கடுமையாக உழைத்தால் தசைக்கு ரத்த ஓட்டம் கூடி நைட்ரஜனும் அதிகமாக ஏறும், அதைக் கம்ப்யூட்டர் கணக்கில் எடுக்காது என்று முன்னாலேயே சொன்னேன்.

அதனால் கீழே போனதும் உங்களுக்குள் இருக்கும் ஓட்டக்காரரைப் படகிலேயே உட்கார வைத்துவிடுங்கள். மூச்சு வாங்கத் தொடங்கினாலே நின்றுவிடுங்கள், எதையாவது பிடியுங்கள், வெளிமூச்சை நீட்டுங்கள், பார்ட்னருக்கு சைகை காட்டுங்கள். நீரோட்டத்தை எதிர்க்க வேண்டாம், அதோடு மிதந்து போய் படகை வரச்சொல்வதுதான் வழி. கோர்ஸ் முடித்த உங்களுக்கு 18 மீட்டர்தான் எல்லை. டிக்சன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் மாதிரி ஆழமும் நீரோட்டமும் உள்ள இடங்களுக்கு "சார் ஃபிட்டா இருக்கீங்க, வாங்க" என்று யாராவது அழைத்தால் சிரித்துவிட்டு மறுத்துவிடுங்கள்.

ஜிம் பழக்கத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கஷ்டப்படும்போது மூச்சைப் பிடிப்பது உங்கள் உடம்புக்குப் பழகிப்போயிருக்கும். ஸ்கூபாவில் மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியும். 10 மீட்டரிலிருந்து மேல்மட்டத்துக்கு வருவதற்குள் காற்று இரண்டு மடங்காகிறது, ஒன்றரை மீட்டர் ஏற்றமே நிறைந்த நுரையீரலுக்குப் போதும். காது அடைப்பை எடுக்கும்போதும் வெயிட் தூக்குவது போல முக்காதீர்கள், மெதுவாக, அடிக்கடி. வரவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி.

இனி இதயம். இங்கேதான் உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னை நிறுத்தியது. அப்பாவுக்கு 49-ல் ஹார்ட் அட்டாக் என்பதை "ஆனால்" போட்டுக் கடந்துவிட்டீர்கள். டைவ் சென்டரில் கொடுக்கும் மெடிக்கல் படிவம் 45 வயது தாண்டியவர்களிடம், குடும்பத்தில் 50 வயதுக்குள் யாருக்காவது இதய நோய் வந்ததா என்று கேட்கும். நீங்கள் 'ஆம்' போட வேண்டும், போட்டால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். தீவில் இறங்கி, பணம் கட்டி, படகு காத்திருக்கும்போது அந்தக் கேள்வியைப் பார்த்தால் கை தானாக 'இல்லை'யில் போய் நிற்கும், அதனால்தான் இப்போதே சொல்கிறேன். அதே 2008 ஆய்வில், ஆளை முடக்கியது எது என்று தெளிவாகத் தெரிந்த மரணங்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு இதயம் காரணம், 40 தாண்டியவர்களிடம் அது அதிகம். தண்ணீரில் இறங்கியதுமே கால்களிலிருந்து அரை லிட்டருக்கு மேல் ரத்தம் நெஞ்சுக்கு ஏறுகிறது, இதயத்துக்கு அது ஒரு கூடுதல் சுமை. அதற்கு மேல் நீரோட்டம், பதற்றம், கெட்டிக் காற்று.

கோவையிலேயே ஒரு கார்டியாலஜிஸ்டிடம் டிஎம்டி (டிரெட்மில்லில் ஏற்றி இசிஜி பார்க்கும் சோதனை) செய்துகொள்ளுங்கள், அப்பாவின் கதையையும் டைவிங் திட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிட்டு. டைவர்களுக்கு நாங்கள் எதிர்பார்ப்பது 10 மெட் அளவு, அதாவது சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியைப் போலப் பத்து மடங்கு உழைக்கும் திறன். டிரெட்மில்லின் வேகத்தையும் சரிவையும் கட்டம் கட்டமாகக் கூட்டும் வழக்கமான புரூஸ் முறையில் மூன்றாம் கட்டம், அதாவது ஒன்பது நிமிடம், நெஞ்சு வலியோ இசிஜி மாற்றமோ இல்லாமல் முடிந்தால் அந்த அளவு வந்துவிடும். உங்களுக்கு அது சிரமமே இருக்காது. ஆனால் நான் பார்க்க விரும்புவது நிமிடக் கணக்கைவிட, அந்த நிமிடங்களில் இசிஜி என்ன சொல்கிறது என்பதைத்தான். ஓடுகிறவர்களுக்கும் ரத்தக் குழாய் அடைப்பு வரும், அப்பாவின் மரபணு உங்கள் ஷூவைப் பார்த்து விலகிவிடாது. டிஎம்டி எல்லா அடைப்பையும் காட்டிக்கொடுக்காது, அதனால் கொலஸ்ட்ரால், பிபி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து அவர் முடிவு சொல்லட்டும்.

நல்ல உடற்தகுதி உள்ளவர்களையே பிடிக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீச்சலிலோ டைவிலோ திடீரென நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. இது மூழ்கிக் குடித்த தண்ணீர் இல்லை, நெஞ்சுக்கு ஏறிய ரத்தத்தின் அழுத்தத்தில் உள்ளேயே கசிவது. ட்ரையத்லான் வீரர்களுக்கும் ராணுவ நீச்சல்காரர்களுக்கும்கூட வந்திருக்கிறது. கடும் உழைப்பு, குளிர்ந்த நீர், கட்டுப்படாத பிபி, இறங்கும் முன் மடமடவென்று குடித்த ஒரு லிட்டர் தண்ணீர், இவை தூண்டும். காரணமில்லாத இருமல், மூச்சுத் திணறல், ரோஸ் நிற நுரை தெரிந்தால் டைவை அங்கேயே முடித்து, நிதானமாக மேலே வந்து, தண்ணீரை விட்டு வெளியேறி, ஆக்சிஜன் கேளுங்கள். தண்ணீர் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதுதான் சரி.

உடம்பு பலம் குமிழியிடம் செல்லாது என்பதற்கு நம் கடலிலேயே சாட்சி இருக்கிறது. வட இலங்கையில் கடலட்டை பிடிக்க ஸ்கூபா டேங்கோடு இறங்கும் இளைஞர்கள் எவ்வளவு உழைத்த உடம்புக்காரர்கள், அவர்களில் எத்தனை பேர் இடுப்புக்குக் கீழே செயலிழந்து படுக்கையில் கிடக்கிறார்கள். ஒரு நாளில் திரும்பத் திரும்ப ஆழம் இறங்கி, நேரக் கணக்கு இல்லாமல் மேலே வந்து, உடனே பிடித்ததைச் சுமந்தவர்கள். அவர்களுக்குப் பிழைப்பு, வேறு வழியில்லை. உங்களுக்கு விடுமுறை.

உங்கள் மனைவி. அவரைப் பற்றி எனக்குப் பெரிய பயம் இல்லை, ஆனால் வேலை இருக்கிறது. படிவத்தில் ஒரு எளிய அளவு உண்டு: 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடக்க முடிகிறதா, நிற்காமல் 200 மீட்டர் நீந்த முடிகிறதா. நடையை இந்த வாரமே ரேஸ் கோர்ஸ் பாதையில் கைக்கடிகாரத்தோடு பார்த்துவிடலாம். நீச்சல் தெரியாது என்றால் இன்றே சேர்த்துவிடுங்கள், டிசம்பருக்குள் வந்துவிடும். இருவருமே வாரம் இரண்டு மூன்று தடவை நீச்சல் குளத்தில் ஃபின் போட்டு நீந்துங்கள். உங்களுக்கும் இது அவசியம், ஓட்டத்துக்குப் பழகிய கெண்டைக்கால் ஃபின்னுக்குப் பழகியது இல்லை, பாதி டைவில் குரக்களி பிடித்து நிற்கும் ஓட்டக்காரர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இடுப்பு, முதுகு, தொடைக்குக் கொஞ்சம் பயிற்சி, ஏணிக்கும் சாமானுக்கும் அது போதும்.

கீழே போனால் அவர் உங்களைவிடக் குறைவாகக் காற்றைச் செலவழிக்க வாய்ப்பு அதிகம், அவசரமில்லாமல் மாலை நடை போகிறவர்களுக்கு அந்தப் பொறுமை இயல்பாக வரும். அதனால் கோர்ஸில் பார்ட்னராக நீந்தும்போது வேகத்தை அவர் வைக்கட்டும், நீங்கள் பின்னால் போங்கள்.

பணம் கட்டும் முன் டைவ் சென்டரில் இரண்டு கேள்வி கேளுங்கள்: படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தார்கள்; ஏதாவது ஆனால் எந்த அழுத்த அறைக்கு, எப்படிக் கொண்டுபோவார்கள். டைவுக்குப் பிறகு மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத் திட்டான நிறம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான அசதி, சிறுநீர் கழிக்க முடியாமை எது வந்தாலும் தைலம் தேடாமல் ஆக்சிஜன் போடச் சொல்லிவிட்டு, மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அந்த மெடிக்கல் படிவத்தை முன்கூட்டியே வாங்கி, ஆளுக்கொன்றாக நிரப்புங்கள். மனைவியுடையதையும் சேர்த்து நீங்களே நிரப்பிவிட வேண்டாம். முடிந்தால் உங்களுடையதை அவர் ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும், மாமனாருக்கு எந்த வயதில் என்ன வந்தது என்பது அவருக்கும் தெரியும்தானே.